காரணம் உறுதிப்படவில்லை

காரங்காட்டில் கரை ஒதுங்கியது ஒரே ஓர் ஆவுளியா.
என் மேசையில் அது ஐந்து முறை செத்துக் கிடக்கிறது.

நாளிதழில் மறுநாளே,
நகைக்கடை விளம்பரத்தின் காலடியில்:
ராட்சதக் கடல்பசு, பொதுமக்கள் திரண்டனர்.
எடை ஒரு டன்னாம்; நிறுத்தது யாரென்று இல்லை.
தேதி சரி. தேதிக்கு மட்டும் இதை நம்புவேன்.

வார இதழில் அது தாய்.
கண்ணோரம் நீர் வழிந்ததாம்.
எழுதியவரின் படம் இருக்கிறது,
வந்து பார்த்தாரா என்பது இல்லை.
வழவழத் தாளில் அலைகூட நாறவில்லை.

தொழில் மாத இதழ், தொண்டி விசைப்படகுக்காரரிடம் இரவல்.
எழுதியவருக்கு வலை தெரியும்,
கண்ணியளவு, டீசல் விலை எல்லாம் தெரியும்.
வலைமேல் பழியில்லை என்று முடிக்கிறார்.
எதிர்ப்பக்கம் முழுக்க வலைக் கம்பெனி.
இரண்டு பக்கத்தையும் சேர்த்தே நகலெடுத்தேன்.

நான்காவது, ஆய்விதழ் வேஷம் கட்டியது.
தொகுதி எண், பெயருக்கு முன்னால் 'உலகளாவிய'.
என்னையும் எழுதக் கூப்பிட்டார்கள்:
மூன்றே நாளில் ஏற்பு, ஆறாயிரம் ரூபாய், ஜிபே உண்டு.
அதன் மூன்றாம் பக்கத்தில் ஆவுளியா முட்டையிடுகிறது.
யாரும் படிக்கவில்லை,
அச்சிட்டவர் உட்பட.

ஐந்தாவது வர இரண்டு வருஷம் ஆனது.
பெற்றது மார்ச்சில், திருத்தியது ஆகஸ்டில்,
மறுபடி திருத்தியது அடுத்த பிப்ரவரியில்.
பெண். நீளம் இரண்டு மீட்டர் நாற்பத்தொன்று.
இரைப்பையில் கடற்புல் நான்கு வகை, நைலான் இழை ஒன்று.
அடிக்குறிப்பு எண்ணைப் பிடித்து இழுத்தால்
பின்னால் இன்னொரு கட்டுரை கட்டி வருகிறது.
கடைசி வரி: சாவின் காரணம் உறுதிப்படவில்லை.
அந்த ஒரு வரிக்காகவே
இதை மற்ற நாலுக்கும் மேலே வைத்தேன்.

நன்றியுரையில் ஒரு பெயர், மாணிக்கராஜ்.
கயிறு கட்டி இழுத்தவர் சூசைமாணிக்கம்.
திருத்தம் போடச் சொல்லி எழுதலாமா என்று கேட்க
பஸ் ஏறிக் காரங்காடு போனேன்.
அலையாத்திக்குப் பக்கத்தில் வத்தையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தப்பாவே இருக்கட்டும், தங்கச்சி."

ரெண்டு வாளித் தண்ணி ஊற்றினார்.
மூன்றாவதை ஊற்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"புது வலை. நான் அறுத்து முடிக்கிறதுக்குள்ள
மூச்சு நின்னுபோச்சு."

கொண்டல் காற்றில் என் கோப்பு படபடத்தது.
பஸ்ஸில் வரும்போது ஆறாவது தாள் எடுத்தேன்.
தேதி எழுதினேன். ஊர் எழுதினேன்.
இதழ் என்ற இடத்தில் ஒரு கோடு.
பெயர் என்ற இடத்தில்
உப்பூர் தாண்டியும் பேனா நின்றபடியே இருந்தது.