சனிக்கிழமை எழுத்து

நாலு நாற்பதுக்கு எழும்புகிறேன்.
வெள்ளவத்தையில் அந்நேரம் கடல்தான் விழித்திருக்கும்,
அதற்கும் எனக்கும் பேச்சில்லை.
முதல் ரயில் போகுமுன்,
மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் உறுமுமுன்
எனக்கென்று நாற்பது நிமிடம்.
முதல் மாதம் அதில் இருபதைப்
பேனை தேடியே செலவழித்தேன்.

மேசை எனக்கில்லை.
மேசையில் கவிஷனின் புலமைப்பரிசில் வினாத்தாள்கள்,
மாமாவின் சீனி வருத்த மருந்துப் பெட்டி,
கட்டாத லைட் பில்.
ஆகவே குசினிக்குப் பின்னால்
சலவை மெஷின் மூடியில் கொப்பியை விரித்து
நின்றபடி எழுதுகிறேன்.
சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடச் சட்டைகள் உள்ளே சுழலும்.
எழுத்து நடுங்கும்,
ழகரம் கால் தடுக்கி அடுத்த வரியில் விழும்.
பிறகு வாசிக்கையில்
எந்த அத்தியாயம் சனிக்கிழமை பிறந்தது என்று
எனக்கு மட்டும் தெரியும்.

கோட்டையில் கப்பல் கம்பனியில் வேலை.
பகல் முழுக்க நான் எழுதுவது
கொள்கலன் இலக்கங்கள்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் தொங்கும்போது
பம்பலப்பிட்டியில் ஒரு வசனம் ஏறியது.
நல்ல வசனம்.
பையைத் திறந்து பேனை எடுப்பதற்குள்
கொள்ளுப்பிட்டியில் இறங்கிப் போய்விட்டது,
மிச்சக் காசும் கேட்காமல்.

என் மெற்றில்டா
நனைந்த குடையோடு படியேறி வந்து
கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.
அன்றிரவு ஆரணிக்குக் காய்ச்சல்.
பிறகு மாமாவுக்குக் கிளினிக்,
பிறகு பெற்றார் கூட்டம்,
காஸ் முடிந்தது,
மச்சாளின் மகளின் சாமத்திய வீட்டுக்குத்
தைக்கக் கொடுத்த சட்டை கை பிடிக்கவில்லை.
பதினொரு நாள்
தூக்கிய கையோடு நிற்கிறாள் மெற்றில்டா.
போஞ்சி வெட்டும்போது நினைப்பேன்:
பாவம், கை உளையுமே.

"நீர் ஆருக்கப்பா எழுதுறீர்?"
என்று கேட்டார் ஜெயரூபன்,
கோபமில்லை, பல் துலக்கிக்கொண்டு.
வாயெடுக்குமுன்
கீழே பாண்கார ஓட்டோவின் பாட்டு.
ஒரு றாத்தல் பாணும் நாலு மீன் பணிசும் வாங்கினோம்.
அந்தக் கேள்வி இன்னும் மேசையில்தான்,
லைட் பில்லுக்குக் கீழே.

பத்தாம் நாளோ என்னவோ
கொப்பியைத் திறந்தால்
மெற்றில்டா நிற்கும் படிக்கு நேர் கீழே
பென்சிலில் ஒரு நெடும்பிரித்தல்.
கவிஷனுக்கு ஒற்றை தேவைப்பட்டதாம்.
கத்தினேன். அவன் அழுதான்.
அவன் நித்திரையான பிறகு கணக்கைப் பார்த்தேன்.
பிழை.
மீதி மூன்று என்று போட்டிருந்தான்.

அழிறப்பரை எடுத்த கை
அப்படியே நின்றது.
கதவுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் என்று
அதுவரை எனக்கே தெரியாது.

பன்னிரண்டாம் நாள்
தாமதமாக எழும்பினேன்,
மோட்டர் உறும இன்னும் நாலு நிமிடம்.
ஒரே ஒரு வரி எழுதினேன்:
மூன்று பேர் இருந்தார்கள் உள்ளே,
தட்டும் சத்தம் கேட்டும் ஒருவரும் எழும்பவில்லை.

மோட்டர்.
"அம்மா, என்ர மற்றச் சப்பாத்து எங்க?"
மூடியிலிருந்து கொப்பியைத் தூக்கி
அரிசி வாளிக்குப் பின்னால் வைக்கிறேன்.

மெற்றில்டா,
இனிக் கையைக் கீழே போடு பிள்ளை.
யாராவது திறப்பார்கள் நாளைக்கு.
நாளைக்குச் சனிக்கிழமை,
கொஞ்சம் நடுங்கும்,
பயப்படாதே.