மூன்று மட்டும்

தாராவி, தொண்ணூறடிச் சாலை.
பை தைக்கும் பட்டறைக்கு மேலே பலகைத் தளம்,
ஏறி வர இரும்பு ஏணி.
கீழே பதினோரு மிஷின் ஓட
மேலே ஒன்பது பேர்
நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பல் உடைந்தது. தீவு தெரிகிறது.
பத்துப் பொருளில் மூன்றை மட்டும் எடுக்கலாம்.
கூடிப் பேசி முடிவெடுங்கள், இங்கிலீஷில்.
இது அட்டையில் அச்சடித்த விதி.
பத்து நிமிடம் என்பது என் விதி.

முதல் இரண்டு நிமிடம் எவரும் வாய் திறக்கவில்லை.
பிறகு தமிழில் கயிறு, இந்தியில் தீப்பெட்டி,
மராத்தியில் ஒரு கெட்ட வார்த்தை.
மேஜையைத் தட்டினேன்.
ஐ திங்க், ஐ திங்க் என்று
கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்தார்கள்.

இசக்கிராஜ் கத்தி கேட்டான்.
தன்வீருக்கு ரேடியோ.
பேட்டரி எங்கே என்றாள் பிரிஸ்கில்லா;
கேள்வியில் பிழையில்லை,
ரேடியோ கடலில் போயிற்று.
ஜெனிபா கண்ணாடி என்றாள்.
பவுடர் போடவா என்று சிரிப்பு.
வீ வாண்ட் மிரர், என்றாள் இன்னும் சத்தமாக.

வாண்ட் இல்லை, மஸ்ட்.
வாண்ட் ஆசை, மஸ்ட் அவசியம் என்றேன்.
ரெண்டுக்கும் வேண்டும்தானே மிஸ்?

பதினாறு வருடம் இந்த இரண்டு மொழியில்
சோறு தின்கிறேன்,
எனக்கு இது தோன்றியதில்லை.
தண்ணி வேண்டும். கண்ணாடி வேண்டும்.
இவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்குள் தன்வீர் எழுந்து
வெயிலைக் கண்ணாடியில் பிடித்து
தூரத்துக் கப்பலுக்குக் காட்டலாம் என்றான்,
ஜெனிபா பக்கம் திரும்பாமல்.
ஐந்துக்கு நாலு. கண்ணாடி ஜெயித்தது.

அடுத்த அட்டை:
ஐந்நூறு பவுண்டு பரிசு, எப்படிச் செலவழிப்பீர்கள்?
ஐந்நூறு பவுனா, யாருக்குக் கல்யாணம்
என்று இசக்கிராஜ் கேட்டுக்கொண்டிருக்கும்போதே
பிரிஸ்கில்லா கடிகாரத்தைக் காட்டினாள்.
மிஸ், வீ மஸ்ட் ஸ்டாப் அட் சிக்ஸ் டென்.

இன்றிலிருந்து குழாய் நேரம் மாறிவிட்டது.
ஆறே காலுக்குத் தண்ணீர்.
வகுப்போ ஏழு வரை.
ஐந்துக்கு வரச் சொன்னால்
பரேல் ஆபீஸில் என்னை விடமாட்டார்கள் என்றேன் தமிழில்.
இன் இங்கிலீஷ், மிஸ், என்றது பின்வரிசை.

நான் சொல்லி முடித்தபோது
அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
ஒன்பது தலையும் ஒரு பலகை மேல் குனிந்திருந்தன.
ஞாயிறு, பிரிஸ்கில்லாவுக்குச் சர்ச்.
சனி, இசக்கிராஜுக்குக் கூரியர் வேலை.
ஐ டிஸ்அக்ரீ என்று யாரோ கத்தினார்கள்,
எந்த அட்டையும் கேட்காமல்.
அந்தக் குரலை இந்த வகுப்பில்
நான் அதுவரை கேட்டதில்லை. யாருடையது?

தீர்ப்பு போர்டில் ஏறியது.
ஒன்பது வீட்டுக் குடத்துக்கும் மூன்று பேர் வரிசையில் நிற்பது.
திங்கள் மூவர், புதன் மூவர், வெள்ளி மூவர்.
நின்றவர்களுக்கு நடந்த பாடத்தை
இருந்தவர்கள் இறந்தகாலத்தில் சொல்வது.
என் சம்மதம் கேட்கும் வரி அதில் இல்லை.
எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. திருத்தவில்லை.

ஆறு பத்து.
திங்கள் மூவர் ஏணியில் இறங்குகிறார்கள்.
முதலில் ஜெனிபா.
கடைசியாகத் தன்வீர்.
அவன் பெயர் வெள்ளியில்தான் இருந்தது,
சுண்ணக்கட்டி காயும் முன்னே
கையால் அழித்து மேலே எழுதிவிட்டான்.

வேண்டுமென்றே.