ஒன்பதாம் வாசகம்

பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
முத்திரை குத்தினால் தனியாக நூறு.
பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி,
விசாவுக்குப் போகும் கலியாணப் பதிவு
இவைதான் என் மேசைக்கு வருவது.
இம்முறை ஒரு சுவர் வந்தது.

பாசையூர் மீன்சந்தையின் பின்சுவர்.
பங்குனியில் ஏழு பேர் சேர்ந்து கீறியது:
களங்கண்டிக்குள் நுழையும் நீல நண்டு,
அதன் முதுகில் முழு ஊரும்.
ஆவணிக்குள் அந்த நண்டு
யாரோ அடித்து விற்ற ரீசேட்டுகளில் ஏறி
நல்லூர் வெளிவீதியெல்லாம் நடந்து திரிந்தது.
ஏழு பேருக்கும் ஒரு சதம் வரவில்லை.

வாணுஜாவின் கம்பனி கேட்டுத்தான் வந்தது.
துணிப்பைக்கும் தேநீர்க் கோப்பைக்குமாம்.
ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம்,
கூடவே ஒரு பெட்டி கேக்.

சத்தியப் பிரமாணம் செய்தவள் நான்.
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
மெதுவாக வாசிக்கலாம்.
அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

வாடிக்குள் ஐஸ் பெட்டிகளை மூடி, அதன்மேல் இருந்தார்கள்.
"மேற்படி சித்திரத்தை, அல்லது அதன் எப்பகுதியையும்,
இன்றுள்ளதும் இனிமேற் கண்டுபிடிக்கப்படுவதுமான
எல்லா ஊடகங்களிலும்,
அண்டம் முழுவதிலும்,
எக்காலத்துக்கும்..."

"அண்டம் எண்டால்?" என்றார் றெமீஜியஸ்.
சொன்னேன்.
"அப்ப செவ்வாயிலை கோப்பை வித்தாலும்
எங்களுக்குக் காசு வருமோ?"
வராது. ஒரேயொரு தரம் முப்பத்தையாயிரம்,
ஏழாகப் பிரித்தால் ஐயாயிரம்.
சிரித்த வாய்கள் மூடின.

வாணுஜாவின் காது சிவந்துவிட்டது.
எங்கிருந்தோ இறக்கிய படிவம்.
ஒன்பதாம் வாசகத்தை அவளும் முழுதாகக் கேட்டது
அன்றுதான், என் தமிழில்.
தன் பேனையாலேயே வெட்டினாள்.

பிறகு இரண்டு மணித்தியாலம்.
அண்டம் சுருங்கி இலங்கையும் கனடாவும் ஆனது.
எக்காலம் மூன்று வருடம் ஆனது.
விற்கும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு.
கேளாமல் ஒரு கோடும் மாற்றுவதில்லை என்பது
பதினோராம் வாசகம்.
கால்மிதியில் போடக் கூடாது,
அதைச் சொன்னது யாரென்று ஞாபகமில்லை,
எல்லோரும் தலையாட்டினார்கள்.
தோகாவிலிருந்து பற்றிமாகரன் குரல் அனுப்பினான்:
"நான் கொடுக்கு மட்டும்தானே கீறினது,
கொடுக்குக்கு எவ்வளவு?"
ஏழில் ஒன்றுதான்.
கொடுக்கில்லாத நண்டை எவன் வாங்குவான்.

எமில்டா அதுவரை பேசவில்லை.
நண்டுக் கொம்பனியில் சதை கிள்ளுகிறவள்,
விரலெல்லாம் ஓடு கீறிய தழும்பு.
"மூலையிலை ஒரு கை இருக்கெல்லோ.
அது என்ரை மகளின்ரை."
ஐந்து வயதில், ஈரப் பெயின்ற்றில்,
யாரும் பார்க்காத நேரம் அப்பியது.
"அப்படியெண்டால் எட்டாகப் பிரிப்பம்" என்றாள் வாணுஜா.
"காசு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை.
அவளைக் கேக்கிற வயது வரட்டும்.
அதுவரைக்கும் கை குடுக்கிறேல்லை."

கைச்சாத்து என்று எத்தனை ஆயிரம் தரம்
தட்டச்சிட்டிருப்பேன்.
அந்தச் சொல்லின் முதலெழுத்தில்
அன்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

மாதிரிக் கோப்பை ஒன்று எனக்கும் வந்தது.
மூலை வெறுமையாக இருக்கிறது.
பேனைகள் போட்டு வைத்திருக்கிறேன்.
முதற் பங்கு, தலைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது.
பெரிய காசில்லை. வந்தது.

நேற்று எமில்டா தொலைபேசி எடுத்தாள்.
"அக்கா, உந்தக் கோப்பை நண்டுக்கு ஒன்பது கால்.
எண்ணிப் பாருங்கோ.
பதினோராம் வாசகமெல்லோ?"
பேனைகளை எடுத்து வெளியே வைத்து
கோப்பையைச் சுற்றிச் சுற்றி எண்ணினேன்.
ஒன்பதுதான்.
"கடிதம் எழுத எவ்வளவு எடுப்பியள்?"

இரண்டு வரிதான் வரும்.
முத்திரை தேவையில்லை என்றேன்.