ஐந்து பத்து

பதினொன்று நாற்பதுக்குத் தூங்கு,
ஐந்து பத்துக்கு எழு என்று
கணினிக்குக் கட்டத்தில் டிக் போட்டேன்.
போன மாத பில்லில்
பன்னிரண்டு ரிங்கிட் மிச்சம்.

ஜெலுத்தோங் அடுக்ககம், ஒன்பதாம் மாடி.
சொன்ன நிமிடத்தில் திரை அணைகிறது.
விசிறி இரண்டு சுற்று முனகி அடங்குகிறது.
பினாங்குப் பாலத்து விளக்குகளை எண்ணியபடி
நான் கிடக்கிறேன்,
எனக்கான கட்டம் எங்கே என்று தெரியாமல்.

ஐந்து மணிக்கே
சுவர் இறங்கி வந்துவிடுகிறது பல்லி.
இருண்ட திரையோரம்
வாலைச் சுருட்டிக் காத்திருக்கிறது.
வெளிச்சம் வந்தால் பூச்சி வரும்.

நேற்று ஞாயிறு.
அதுவாவது தூங்கட்டும் என்று
டிக்கை எடுத்துவிட்டேன்.

ஐந்து பத்து.
ஐந்து பதினைந்து.
பல்லி திரும்பி
என்னைப் பார்த்தது.

எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினேன்.