மண்குதிரை

ஆகஸ்டில் நிலம் பார்க்கப் போகக் கூடாது.
ஆகஸ்டில்தான் போனோம்.
எந்த மேய்ச்சல் நிலமும் ஆகஸ்டில் நல்ல நிலம்தான்.
லுகோர்னூர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு,
நாலு ஹெக்டேர் என்றார், இரண்டு லாயம்,
வைக்கோல் கொட்டகைக்குப் புதுத் தகரம்.
வீட்டைப் பற்றிக் கடைசியில் சொன்னார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

நவம்பரில் நான் மட்டும் திரும்பிப் போனேன்.
மூன்று நாள் மழை விட்ட காலை,
நொஜான் ல ரோத்ரூவில் இறங்கி
பெலேம் சாலையில் வாடகைக் கார்.
கீழ்வயலில் கால் வைத்தேன்.
பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டது,
நான் ஓரடி முன்னால் போயிருந்தேன்.
காலுறையோடு களிமண்ணில் நின்றபடி போன் செய்தேன்:
"உங்கள் நிலத்தில் நிற்கிறேன், ஐயா.
நிற்க முடியவில்லை."
எட்டாயிரம் யூரோ குறைத்தார்.
பூட்ஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில் வங்கிக் கடன் குதிரைக்கொம்பு.
குதிரைக்கே கடன் கேட்டவளை
அந்தப் பெண் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
முன் அனுபவம்?
வான்சென் மைதானத்தில் பதினாறு வருடம்
பிறத்தியார் குதிரைகளின் லத்தி அள்ளியிருக்கிறேன்.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
"வேறு" என்ற கட்டத்தில் எழுதினாள்.

லா கூர்னெவிலிருந்து மச்சாள் எடுத்தாள்:
"மண்குதிரையை நம்பி ஆத்தில இறங்கிறியள்.
அந்தக் காசுக்கு இங்கயே ஒரு கடை எடுக்கலாம்."
எடுக்கலாம்தான்.
குலேந்திரன் போனை என் பக்கம் தள்ளிவிட்டு
வேலிக்கம்பிக்கு மீட்டர் கணக்குப் போட்டார்.

நோட்டரி நாற்பத்தேழு பக்கம் வாசித்தார்.
கிணற்று நீருக்கு யாரும் பொறுப்பில்லை.
மார்ச்சிலும் அக்டோபரிலும்
துரூயே பண்ணை மாடுகள் குறுக்கே போகலாம்,
அது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டிலிருந்து உள்ள உரிமை.
மாடுகளுக்கு இருந்த உரிமையின் வயதைக் கேட்டு
எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
குலேந்திரனின் முழுப் பெயரை வாசிக்கையில்
நோட்டரி நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார்.

குதிரை எதுவும் விற்பனையில் சேராது,
அதையும் வாசித்தார்.
கடைசிப் பெட்டையைத் துரூயே வாங்கிவிட்டாராம்.
சாம்பல் நிறப் பெர்ஷெரோன், பத்தொன்பது வயது.

சாவி வாங்கிய ஐந்தாம் நாள் விடியலில்
கீழ்வயலில் அது நின்றது.
முழங்கால் வரை சேறு, வயிற்றில் தெறித்த சேறு,
எழுநூறு கிலோவுக்கு மேல் இருக்கும்.
என் பூட்ஸை விழுங்கிய இடத்தில்
எங்கே கால் வைக்க வேண்டுமென்று அதற்குத் தெரிந்திருந்தது.

துரூயே வந்தார், கயிறு போட்டுக் கூட்டிப் போனார்.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தது.
மறுபடி கயிறு.
மூன்றாம் முறை வேலியோடு சேர்த்து வந்தது,
கழுத்தில் ஒரு முழம் கம்பி.

நான்காம் முறை அவர் கயிறு கொண்டு வரவில்லை.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சிறு புத்தகம் எடுத்தார்.
கடவுச்சீட்டு.
குதிரைக்கு.
நெற்றிச் சுழி இரண்டு, இடது பின்காலில் தழும்பு,
ஒவ்வொன்றும் சிவப்பு மையில் வரைந்திருந்தது.
எனக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு வரப்
பதினெட்டு வருடம் ஆனது, ஒரு தழும்பையும் யாரும் வரையவில்லை.

"எவ்வளவு?" என்றேன்.
"வைக்கோல் வெட்டும்போது இருபது கட்டு" என்றார்,
"அதுவும் அவசரமில்லை."

பெயரைப் பார்த்தேன். ரிவியேர்.
அந்த வருடம் பிறந்தவற்றுக்கெல்லாம்
அதே முதலெழுத்தாம், அகராதியில் தேடி வைத்தார்களாம்.
ஆறு, என்றார் குலேந்திரன். ஆறுதானே?
மச்சாளுக்கு இதைச் சொல்ல வேண்டாமென்று
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

உரிமையாளர் முகவரி என்ற இடத்தில்
தபால் எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து,
மேலே திருத்தினேன்.
அதற்குள் அது மேட்டுக்கு ஏறிப் போய்
லுகோர்னூர் விட்டுப் போன பழைய குளியல் தொட்டியில்
வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.
அந்தத் தொட்டியும் பத்திரத்தில் இல்லை.