கழுநீர்

அட்ரீனல் எடுத்த எலிகளுக்கு
உப்புத்தண்ணீர்தான் வைக்க வேண்டும்.
பெரியகருப்பன் கலக்கி
நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்:
"ரசத்துக்குக் காணாது, இதுகளுக்குப் போதும்."
தராசில் நிறுத்துப் பார்த்த நாள்களிலெல்லாம்
அவர் நாக்குதான் ஜெயித்தது.

காரைக்குடியில் சித்திரை.
ஐஸ் மெஷின் படுத்து மூன்றாம் நாள்.
கழனிவாசல் மீன்கடையில் அரைப்பாளம் வாங்கி
சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்தார்.
அன்று முழுக்க
என் சோதனைக் குழாய்களில் சீலா மீன் வாடை.

கல்லீரலைக் கனத்த சர்க்கரைக் கரைசலில் அரைத்து
சுழற்றினால்
மற்றதெல்லாம் மேலே தங்கிவிடும்.
உட்கரு மட்டும் அடிக்கு இறங்கும்,
பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்த் துணுக்கு போல
வெள்ளையாய், கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தில் கோடிக்கணக்கில் இருக்கும்.

கார்டிசாலை நேரே அதன்மேல் விட்டேன்.
ஆர்.என்.ஏ. ஏறவில்லை.
மறுபடி விட்டேன்.
கருவி நேற்றைய எண்ணையே காட்டியது.
உயிருள்ள எலிக்கு ஊசி போட்டால்
பக்கம் பக்கமாய் எழுதித் தள்ளுகிற உட்கரு
எடுத்து எதிரே வைத்துக் கேட்டால்
வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கம்
கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால்
யாரும் போக மாட்டார்கள்.
ஆள் வந்து அழைக்க வேண்டும்.
அழைக்கிற ஆளை
நான்தான் தினமும்
தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன்,
கழுவிய நீரோடு.

இது புரிந்தது ஆய்வகத்தில் இல்லை.

இரவு ஒன்றரைக்கு வார்டன் அறையில் போன்.
தேவகோட்டை ஆஸ்பத்திரி.
"சோலையப்பனுக்கு நீங்க அக்காவா?"
அவ்வளவுதான் கேட்டது, லைன் போய்விட்டது.

பேருந்து கிடையாது.
பெரியகருப்பன் மருமகனின் மொபெட்,
பின்னால் நான்.
இருட்டில் கண்மாய்க்கரை ஓடுகிறது, ஓடுகிறது.
பயத்தைக் கணக்காக்கித்தான் எனக்குப் பழக்கம்:
இந்நேரம் ரத்தத்தில் கார்டிசால்.
செல்லுக்குள் அதைக் கைப்பிடித்து
உட்கரு வாசல்வரை கூட்டிப்போக ஒரு புரதம்.
அரை மணியில் என் கல்லீரல் முழுக்க
எழுத்து வேலை தொடங்கியிருக்கும்,
பயந்தவளுக்குச் சர்க்கரை வேண்டுமென்று.
அந்தப் புரதம் இருப்பது உட்கருவில் அல்ல,
வெளியே,
நான் கொட்டுகிற நீரில்.

தம்பிக்குக் கால்தான்.
கட்டுப்போட்டுப் படுத்திருந்தான்.
"எதுக்கு இந்த நேரத்துல வந்தே?" என்று எரிந்து விழுந்துவிட்டுத்
தூங்கிப்போனான்.

எனக்குத் தூக்கம் இல்லை.
ஆபத்து இல்லை என்ற செய்தி
கல்லீரலுக்கு மெதுவாகத்தான் போய்ச்சேரும்;
அதுவரை உள்ளே எழுதிக்கொண்டேயிருக்கும்.
பெஞ்சில் உட்கார்ந்து
மருந்துச்சீட்டின் பின்பக்கம்
மறுநாள் சோதனையைக் குறித்தேன்.
குழாய் ஒன்று: உட்கரு மட்டும்.
குழாய் இரண்டு: ஹார்மோனும் சேர்த்து.
குழாய் மூன்று…

மாலையில் பெரியகருப்பன்
புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"இந்தக் கழுநீரையா பத்திரமா வைக்கச் சொல்றீங்க?"

ஆமாம்.
ஐஸில்.
மூடி போட்டு.