மேலே இருப்போர்

முதலில் எலி என்றுதான் நினைத்தேன்.
எலி ஓடும்.
நின்றாலும் அது நின்றது நமக்குத் தெரியாது.
இது நடந்தது.
சீலிங் பலகையில் ஒரு எடை
என் கட்டிலுக்கு மேலே வந்து
கொஞ்சம் யோசித்து
குளியலறைப் பக்கம் போனது.

பூனையாக இருக்கும் என்றார்
கீழ்வீட்டு ஜெசுராஜா.
பூனை குதிக்கும்.
இது குதிக்கவில்லை, இறங்கியது.
ஈரத் துவாய் ஒன்றைக் கம்பியிலிருந்து இழுப்பதுபோல்
காலும் வாலுமாக நீளமாக இறங்கியது.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பகல் முழுதும் பம்பலப்பிட்டியில்
மூச்சைப் பிடியுங்கோ, இப்ப விடுங்கோ என்று
நிழலைப் பார்த்து எலும்பைச் சொல்பவள்.
ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு
தலைக்கு மேல் ஒன்று மூச்சுவிட
எதுவென்று சொல்லத் தெரியாமல் கிடந்தேன்.
கடைசி றெயிலும் போயிருந்தது.
கடல் மட்டும் கேட்டது, அதுவும் விட்டுவிட்டு.

மூன்றாம் கிழமை வாசனை வந்தது.
ரம்பை போட்டுக் கீரிச்சம்பா வேகும் வாசனை.
ஒழுங்கை முழுக்க அடுப்பு அணைந்த நேரம்.
எழுந்து போய்
என் குக்கரைத் திறந்து பார்த்தேன் என்றால்
சிரிப்பீர்கள்.
திறந்தேன்.

விடிய, மதிலில் கித்துள் கொட்டைகள்.
யாரோ கழுவி எண்ணி வைத்த மாதிரி
பளபளவென்று ஒரு குவியல்.
நடுவில் ஒரு ஜம்புத் தோல்.
ஜம்பு மரம் மூன்று வளவு தள்ளி நிற்கிறது.
ஆறு வருடமாய் இங்கே இருக்கிறேன்,
அந்த வளவை எட்டிப் பார்த்ததில்லை.
அதற்கோ டெலிபோன் வயர்தான் காலி வீதி.

"உகுடுவா," என்றார்
கூரை பார்க்க வந்த விமலதாச,
ஏணியில் நின்று மூக்கைச் சுருக்கி.
தமிழில் மரநாய்.
நாயுமில்லை,
இப்போது மரத்திலுமில்லை.
இந்தப் பக்கம் பலாவும் மாவும் நின்ற இடத்தில்
ஒன்பது மாடி நிற்கிறது, லிஃப்டோடு.

ஓட்டைக்கு வலை அடிக்கப் பன்னிரண்டாயிரம்.
இரவு அது வெளியே போனதும் அடிக்க வேண்டும்.
"ஆனா மிஸ்," பாதி சிங்களம் பாதி தமிழில் சொன்னார்,
"குட்டி இருந்தா
குட்டி உள்ளே, அம்மா வெளியே.
பிறகு உங்களுக்கு நித்திரை இல்லை."

நானே ஏறினேன், டோர்ச்சோடு.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
எனக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போன சூட்கேஸ்.
லண்டன் முகவரி ஒட்டி, போகாமல் நின்றது.
மூடி கிழிந்திருந்தது.
யாரோ குளிருக்கென்று வாங்கிய கோட்டின் பஞ்சில்
மூன்று.
கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.
அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் அந்த வெக்கையில்
ஒன்றின்மேல் ஒன்று
ஒரே நிழலாய்.
பிரித்துச் சொல்ல
எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது.

அவளும் அங்கேதான் இருந்தாள்.
வெளிச்சத்தில் இரண்டு காசு.
ஓடவில்லை.
வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.
மூச்சைப் பிடியுங்கோ,
என்று யாருக்குச் சொன்னேனோ,
இருவரும் பிடித்தோம்.
பிறகு ஒவ்வொரு படியாய்
பின்பக்கமாகவே இறங்கினேன்.

விமலதாசவுக்கு ஆவணிக்கு வரச் சொன்னேன்.
ஆவணியில் கம்பிவலை விலை கூடும் என்றார்.
கூடட்டும்.

வாக்காளர் படிவத்தோடு கிராம சேவகர் வந்தது
அடுத்த சனிக்கிழமை.
மேல் மாடியில் எத்தனை பேர்?
ஒருவர் என்று எழுதினேன்.
அந்த நேரம் பார்த்து
சீலிங்கில் ஏதோ உருண்டது,
கொட்டையோ குட்டியோ.
அவர் பேனையை நிறுத்தி
அண்ணாந்து பார்த்தார்.

நான் வாய் திறக்குமுன்
வாசலில் நின்ற ஜெசுராஜா சொன்னார்:
"மேலே ஒருத்தரும் இல்லை. எலி."

அவ்வளவு சமனான குரல்.
கண் கூட அசையவில்லை.
இதே வாசலில், வேறு பேனைக்கு முன்,
வேறு யாருக்காகவோ
சொல்லிப் பழகிய குரல் போல.
நான் கேட்கவில்லை.
அவர் கீழே போய்
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.